தொப்பூர் ஏத்தத்துல திணறும் மார்க் 2 அம்பாசடர், சமதளத்துல குறையே இல்லை

பாலக்கோடு1489

வணக்கம். வண்டி 1972 மார்க் 2. 1489 சிசி பெட்ரோல் இஞ்சின், எஸ்.யூ. கார்பரேட்டர், பிளாக்குலயே பூட்டின மெக்கானிக்கல் பெட்ரோல் பம்ப், பாயின்ட் (கரண்ட்டை விட்டு விட்டுத் துண்டிக்கிற முனை) வச்ச டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்கு ஸ்பார்க் பிரிச்சுக் குடுக்கறது). கம்பெனியில வந்தபடியேதான் இருக்கு, எதையும் மாத்தல.

சேலத்துல இருந்து தர்மபுரி வர்றப்போ தொப்பூர் கணவாய்ல மூணாவது கியர்ல முழுசா மிதிச்சா முதல் ஒரு கிலோமீட்டர் நல்லா இழுக்குது. அப்புறம் உதறல், கார்பரேட்டர்ல தும்மல், வேகம் 20க்கு வந்துடுது. காலைப் பாதி எடுத்தா கொஞ்சம் தெளியுது. ஓரமா நிறுத்திப் பத்து நிமிஷம் விட்டா மறுபடி ஒரு கிலோமீட்டர் போகும், திரும்ப அதே கதை. தர்மபுரி டு கிருஷ்ணகிரி நாலு வழியில 70ல போனா ஒரு குறையும் சொல்ல முடியாது. டெம்பரேச்சர் முள் நடுவுலதான் நிக்குது. ஐடிலிங் மட்டும் லேசா ஆடுது.

பிளக் நாலும் புதுசு. ஏர் ஃபில்டர், பெட்ரோல் ஃபில்டர் மாத்தியாச்சு. கார்பரேட்டர் ரெண்டு தடவை கழுவியாச்சு. கார்பரேட்டரே போச்சு, வேற வாங்குங்கன்னு ஒர்க்‌ஷாப்ல சொல்றாங்க. வாங்கலாமா?

மாங்கொட்டை

ஏர்லாக் சார், சூட்டுல பெட்ரோல் ஆவியாகி வழியை அடைக்குது. பம்ப் மேல ஈரத்துணி சுத்துங்க, வேலை முடிஞ்சுது. அந்தக் காலத்து டாக்சிக்காரங்க எல்லாம் அதைத்தான் செஞ்சாங்க. அப்படியே பாயின்ட்டைத் தூக்கிப் போட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் கிட் போட்டுடுங்க.

கார்ப்_கிருஷ்ணகிரி

கார்பரேட்டர் வாங்க வேண்டாம். இந்தப் பேச்சு முடியற வரைக்கும் எதுவுமே வாங்க வேண்டாம்.

ஈரத்துணி வேலை செய்யும், இல்லைங்கல. ஆனா அது மருந்து, நோய் என்னன்னு அது சொல்லாது. முதல்ல ஒண்ணு சொல்லுங்க: நிறுத்தினா பத்து நிமிஷம் வேணுமா, இல்லை ஒரே நிமிஷம் போதுமா? நீங்க பத்து நிமிஷம் விட்டிருக்கீங்க, அவ்வளவுதான். காயில் சூடாகி ஸ்பார்க் குறைஞ்சா ஆறுறதுக்கு 15, 20 நிமிஷம் ஆகும். ஏர்லாக்னாலும் அப்படித்தான், பம்ப் ஆறணும். ஆனா கார்பரேட்டர் சட்டியில பெட்ரோல் வத்திப்போறதுதான் குறைன்னா, ஐடிலிங்ல ஒரு நிமிஷம் நின்னாலே சட்டி நிறைஞ்சிடும், வண்டி பழையபடி இழுக்கும்.

அடுத்தது சோக் சோதனை. உதறல் வந்த அதே நேரத்துல, கால் மிதிச்சபடி இருக்க, சோக்கை மூணுல ஒரு பங்கு இழுங்க. எஸ்.யூ.ல சோக்னா காத்தை அடைக்கற தகடு கிடையாது. அது ஜெட்டைக் கீழ இறக்கும், பெட்ரோல் கூடும். இழுத்ததும் தெளிஞ்சா பெட்ரோல் பத்தல. இன்னும் மோசமானா இக்னிஷன் பக்கமோ, ஏற்கெனவே பெட்ரோல் அதிகமோ. கார்பரேட்டர் வழியா தும்முறதும் பெரும்பாலும் பெட்ரோல் பத்தாக்குறையின் சத்தம்தான்.

மூணாவது, டேங்க் மூடி. உதறல் வந்ததும் நிறுத்தி மூடியைத் திறங்க. 'ஸ்ஸ்'னு காத்து உள்ள இழுத்தா மூடியோட மூச்சு ஓட்டை அடைச்சிருக்கு.

இதையெல்லாம் தொப்பூர்ல செய்யாதீங்க. லாரி வர்ற வேகத்துக்கு அங்க ஓரமா நிக்கறதே தப்பு. ராயக்கோட்டை ரோட்டுலயோ, ஒகேனக்கல்ல இருந்து பென்னாகரம் ஏறுற ரோட்டுல அகலமான இடம் பார்த்தோ விடியக்காலைல செய்ங்க.

பாயின்ட்செட்

கார்ப் அண்ணன் சொன்னதோட இதையும் சேர்த்துக்கோங்க. கார்பரேட்டர் குறைன்னு வர்ற வண்டியில பாதிக்கு மேல டிஸ்ட்ரிபியூட்டர் குறைதான். அதைப் பார்க்காம ஜெட் நட்டைத் திருப்பாதீங்க.

பாயின்ட் இடைவெளி 0.014ல இருந்து 0.016 அங்குலம், அதாவது 0.36ல இருந்து 0.40 மி.மீ. பாயின்ட் முகத்துல ஒரு பக்கம் குழி, எதிர்ப் பக்கம் முள்ளு மாதிரி மேடு இருந்தா ஃபில்லர் கேஜ் பொய் சொல்லும். தகடு மேட்டு மேல உக்காரும், நிஜ இடைவெளி அதைவிடப் பெருசு. அந்த மாதிரி பாயின்டுக்கு பாயின்ட் எவ்வளவு கோணம் மூடியிருக்குன்னு காட்டற டுவெல் மீட்டர்தான் சரி, 60 டிகிரி, மூணு முன்னப்பின்ன இருக்கலாம். குழி சீக்கிரம் சீக்கிரம் விழுந்தா கண்டென்சர் மேல சந்தேகப்படுங்க. மீட்டர்ல 0.18 முதல் 0.24 மைக்ரோஃபாரட் காட்டணும்.

பிளக் இடைவெளி 0.025 அங்குலம். புது பிளக்னு அப்படியே பூட்டினீங்களா, அளந்து பூட்டினீங்களா?

வேக்குவம் அட்வான்ஸ் (கார்பரேட்டர் இழுவையால ஸ்பார்க்கை முன்கூட்டி வர வைக்கிறது): கார்பரேட்டர் பக்கத்துல சின்ன பைப்பைக் கழட்டி வாயால உறிஞ்சுங்க. டிஸ்ட்ரிபியூட்டர் மூடி திறந்திருக்கட்டும். உள்ள பிளேட் திரும்பணும். நாக்கால அடைச்சா பிளேட் அங்கயே நிக்கணும். நழுவித் திரும்பினா அதோட டயஃப்ரம், அதாவது உள்ள இருக்கிற சவ்வு, ஓட்டை.

பாலக்கோடு1489

நேத்து விடியக்காலைல ராயக்கோட்டை பக்கம் போய் எல்லாம் பார்த்தாச்சு.

ஒரு நிமிஷம் போதும். பத்து நிமிஷம் தேவையே இல்லை. சோக் இழுத்ததும் நல்லாவே தெளிஞ்சுது, ஆனா முழுசா இல்லை, நடுநடுவுல ஒரு வெட்டு இருந்துச்சு. டேங்க் மூடியில சத்தம் இல்லை. மூடியைக் கழட்டிட்டு ஓட்டியும் பார்த்தேன், அதே குறை.

பாயின்ட் 0.015, டுவெல் 58. கண்டென்சர் 0.21. பிளக் அளந்துதான் பூட்டினது. வேக்குவம் உறிஞ்சினா பிளேட் திரும்புது, பிடிச்சு நிக்குது.

கார்ப்_கிருஷ்ணகிரி

ஒரு நிமிஷத்துல சரியாகுதுன்னா ஏர்லாக் இல்லை, மாங்கொட்டை மன்னிக்கணும். பெட்ரோல் வரத்து குறைவு. இனி எவ்வளவு குறைவுன்னு அளக்கணும்.

ஒரு கணக்கு. இந்த இஞ்சின் 4200 சுற்றுல 50 குதிரைத்திறன். பழைய இஞ்சின் முழு மிதியில ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு 250 கிராம் பெட்ரோல் குடிக்கும்னு வச்சுக்கோங்க. 50க்கு 12.5 கிலோ, சுமார் 17 லிட்டர். நிமிஷத்துக்கு 280 மில்லி. ஏத்தத்துல முழு மிதி மிதிச்சா அதுக்குக் கொஞ்சம் குறைவாத்தான் ஆகும், ஆனா பம்ப் அதைவிடத் தாராளமா தரணும். நான் 500 மில்லிக்குக் குறைஞ்சா நம்ப மாட்டேன். சமதளத்துல 70க்கு இதுல மூணுல ஒரு பங்கு கூட வேணாம். அதனாலதான் கிருஷ்ணகிரி ரோட்டுல குறையே தெரியல.

அளக்கிற விதம்: இஞ்சின் ஆறியிருக்கணும். கார்பரேட்டருக்கு வர்ற பைப்பைக் கழட்டி, ஒரு நீள ஓஸ் மாட்டி, வண்டிக்கு வெளிய தரையில வச்ச பாட்டில்ல விடுங்க. இந்த இஞ்சின்ல கார்பரேட்டரும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ஒரே பக்கம், ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு. ஒரு சொட்டு சிந்தினாலும் வம்பு. பக்கத்துல தீயணைப்பான் வச்சுக்கோங்க, மணல் வாளியாவது. சட்டியில இருக்கிற பெட்ரோல்லயே இஞ்சின் ஐடிலிங்ல கொஞ்ச நேரம் ஓடும். 30 செகண்ட் பிடிச்சு ரெண்டால பெருக்குங்க.

பாலக்கோடு1489

30 செகண்டுக்கு 105 மில்லி. ரெண்டு தடவை அளந்தேன், ரெண்டும் அதே.

கார்ப்_கிருஷ்ணகிரி

அப்போ நிமிஷத்துக்கு 210. பிடிபட்டுச்சு. ஆனா பம்பைக் குறை சொல்லாதீங்க இன்னும். டேங்க்குக்கும் பம்புக்கும் நடுவுல பத்தடிக்கு மேல பைப் இருக்கு. பம்போட இன்லெட்டைக் கழட்டி, குட்டை ஓஸ் போட்டு, சுத்தமான கேன்ல இருந்து நேரா உறிஞ்ச விட்டு மறுபடி அளங்க. கேன் பம்பைவிடத் தாழ்வா, டேங்க் இருக்கிற மட்டத்துலயே இருக்கணும், மேல தூக்கி வச்சா புவியீர்ப்பு உதவி செஞ்சு ஏமாத்திடும்.

அளவு ஏறினா குறை பின்னாடி: டேங்க் உள்ள துரு, உறிஞ்சுகுழாய் நுனியில அடைப்பு, ரப்பர் ஓஸ் உள்பக்கம் உப்பி வழி சுருங்கினது, இல்லேன்னா பைப்ல ஊசி ஓட்டை. இந்த ஊசி ஓட்டைதான் பெரிய கள்ளன். உறிஞ்சும் பக்கம் இருக்கிறதால பெட்ரோல் வெளிய கசியாது, காத்துதான் உள்ள போகும். கண்ணாடி ஃபில்டர் போட்டிருந்தா அதுல குமிழி ஓடறது தெரியும். அளவு ஏறலேன்னா பம்ப்.

இன்னொண்ணு, இப்பவே பாருங்க: ஆயில் டிப்ஸ்டிக்கை எடுத்து மோந்து பாருங்க.

பாலக்கோடு1489

கேன்ல இருந்து உறிஞ்ச விட்டா 115. அப்போ பம்ப்தான். டிப்ஸ்டிக்ல பெட்ரோல் வாடை லேசா இருக்கு, ஆயில் மட்டமும் மேக்ஸிமத்தைத் தாண்டி ஒரு விரல் கூட. நான் ஊத்தவே இல்லை.

கார்ப்_கிருஷ்ணகிரி

பம்போட டயஃப்ரம் கிழிஞ்சிருக்கு. பெட்ரோல் கேம்ஷாஃப்ட் பக்கமா சம்ப்புக்கு (அடியில இருக்கிற ஆயில் தொட்டிக்கு) இறங்குது. இனி வண்டியை எடுக்காதீங்க, ஆயில் நீர்த்துப் போய் பேரிங் போயிடும். பம்ப் சரியானதும் ஆயிலும் ஆயில் ஃபில்டரும் மாத்தணும்.

பம்பைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி மேல்மூடி, கீழ்மூடி ரெண்டுக்கும் சேர்த்து அரத்தால ஒரு கோடு போடுங்க. இல்லேன்னா திரும்பப் பூட்டும்போது பைப் வாய் வேற திசையில நிக்கும். பழைய டயஃப்ரத்தை வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சு இழுத்துப் பாருங்க. நடுத்தகட்டைச் சுத்தி, தகடும் துணியும் சேர்ற வட்டத்துலதான் முடி மாதிரி வெடிப்பு இருக்கும். விரிச்சாத்தான் வெளிச்சம் தெரியும், விட்டா மூடிக்கும்.

கிட் வாங்கறப்போ எத்தனால் தாங்கற டயஃப்ரமான்னு கேட்டு வாங்குங்க. இப்போ பங்க்ல வர்றது 20 சதவீத எத்தனால் கலந்தது. அந்தக் காலத்து ரப்பருக்கு அது எமன், உப்பி, மிருதுவாகி, அப்புறம் வெடிக்கும். கார்பரேட்டர் பக்கத்து ஓஸ்கூட அதே கதைதான், எத்தனால் தாங்கற ஃபியூல் ஓஸா மாத்திடுங்க.

வால்வு ரெண்டு இருக்கும், உள்ள விடறது ஒண்ணு, வெளிய விடறது ஒண்ணு. திசை மாத்திப் போட்டா பம்ப் சும்மா ஆடும். மேல்மூடி ஸ்க்ரூவை விரல் இறுக்கமா வச்சுட்டு, லிவரை முழுசா அழுத்திப் பிடிச்சபடி, குறுக்கு நெடுக்கா மாத்தி மாத்தி இறுக்குங்க. லிவரை அழுத்தாம இறுக்கினா டயஃப்ரம் விறைப்பா உக்காந்து சீக்கிரம் கிழியும். பூட்டினதும் கட்டை விரலால இன்லெட்டை அடைச்சு லிவரை ஆட்டினா விரல் ஒட்டி இழுக்கணும், விட்டா 'டப்'னு சத்தம் வரணும்.

பம்புக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்கிற பட்டை கேஸ்கட் அதே கனம் இருக்கணும். ரெண்டு போட்டா லிவர் கேம்ல முழுசா படாது, அளவு குறையும். போடாம விட்டா லிவர் அளவுக்கு மீறித் தள்ளப்படும்.

மாங்கொட்டை

இவ்வளவுக்கு ஒரு 12 வோல்ட் எலக்ட்ரிக் பம்ப் போட்டா முடிஞ்சுது.

கார்ப்_கிருஷ்ணகிரி

போடலாம். ஆனா எஸ்.யூ. கார்பரேட்டரோட ஊசி வால்வு 3 பி.எஸ்.ஐ.க்கு மேல தாங்காது, சட்டி வழிஞ்சு எக்ஸாஸ்ட் மேல கொட்டும். இன்ஜெக்‌ஷன் வண்டிப் பம்பை எடுத்துப் பூட்டினவங்க கதையெல்லாம் கேட்டிருக்கலாம். அதோட மெக்கானிக்கல் பம்ப் இஞ்சின் நின்னா தானா நிக்கும். எலக்ட்ரிக்கு விபத்துல தானா துண்டிக்கிற சுவிட்ச் தனியா வேணும். நல்லா இருக்கிற அமைப்பை ஏன் மாத்தணும்?

பாலக்கோடு1489

கிட் போட்டாச்சு, ஆயில் மாத்தியாச்சு. இப்போ 30 செகண்டுக்கு 290 மில்லி. தொப்பூர் ஏத்தம் முழுசும் ஏறுது, தும்மல் இல்லை, நிக்கவும் இல்லை.

ஆனா முழு மிதியில அந்த வெட்டு மட்டும் இருக்கு. ஒழுங்கில்லாம வருது, சுவிட்சை ஆஃப் பண்ணி ஆன் பண்ண மாதிரி. சோக் இழுத்தா ஒரு மாத்தமும் இல்லை. காலைக் கொஞ்சம் எடுத்தா சுத்தமா நின்னுடுது. ஐடிலிங் ஆட்டமும் அப்படியே.

பாயின்ட்செட்

'சுவிட்ச் ஆஃப் பண்ண மாதிரி'ன்னு சொன்னீங்களே, அதுதான் சாவி. பெட்ரோல் குறைஞ்சா இஞ்சின் சோர்ந்து சோர்ந்து போகும். கரண்ட் அறுந்தா வெட்டும்.

யோசிச்சுப் பாருங்க: ஐடிலிங்ல குறை இருக்கு, முழு மிதியில இருக்கு, பாதி மிதியில இல்லை. இந்த ரெண்டுக்கும் என்ன பொதுவா இருக்கு? வேக்குவம் பைப்போட துளை கார்பரேட்டர்ல திராட்டில் தகட்டு ஓரத்துல இருக்கு. ஐடிலிங்ல தகடு அந்தத் துளைக்கு முன்னாடி மூடியிருக்கும், வேக்குவம் வராது. முழுசா திறந்தா மேனிஃபோல்டுல வேக்குவமே இருக்காது. பாதி திறப்புலதான் நல்லா இழுக்கும். ஆக ஐடிலிங்லயும் முழு மிதியிலயும் டிஸ்ட்ரிபியூட்டர் பிளேட் ஒரே இடத்துல, ஓய்வு நிலையில நிக்குது. பாதி மிதியில மட்டும் திரும்பி வேற இடத்துக்குப் போகுது.

பிளேட்டோட சேர்ந்து ஆடற ஒயர் ஒண்ணு உள்ள இருக்கு. வெளி டெர்மினல்ல இருந்து பாயின்ட் ஸ்பிரிங்குக்குப் போற குட்டி ஒயர். ஐம்பது வருஷமா ஒவ்வொரு தடவை கால் மிதிக்கும்போதும் வளைஞ்சு வளைஞ்சு, உறைக்குள்ளயே செம்புக் கம்பி அறுந்திருக்கும். வெளிய பார்த்தா ஒண்ணும் தெரியாது. வளைஞ்ச இடம் ஒரு நிலையில ஒட்டும், இன்னொரு நிலையில விலகும்.

சோதனை: சாவி ஆஃப். காயில்ல இருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு வர்ற ஒயரைக் கழட்டுங்க. மீட்டரை ஓம்ல வச்சு ஒரு முனை வெளி டெர்மினல்ல, இன்னொரு முனை பாயின்ட் ஸ்பிரிங்ல. கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டணும். இப்போ ஒருத்தர் வேக்குவம் பைப்பை உறிஞ்சி விட, உறிஞ்சி விட, மீட்டரைப் பாருங்க. அதே மாதிரி பிளேட்டுல இருந்து டிஸ்ட்ரிபியூட்டர் பாடிக்குப் போற எர்த் ஒயரையும் சோதிங்க, அதுவும் இதே மாதிரி அறுகும்.

ஓசூர்_லேத்

குறுக்க வரேன். ஐடிலிங் ஆட்டத்துக்கு ஒயரை மட்டும் நம்பாதீங்க. டேப்பட், அதாவது வால்வுக்கு விடற இடைவெளி, எப்போ பார்த்தீங்க? இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கல.

பாலக்கோடு1489

பாயின்ட்செட் அண்ணா, கும்பிடறேன். உறிஞ்சினா 0.2 ஓம். விட்டதும் மீட்டர் 0.2, 40, திறந்த சர்க்யூட்டுனு தாவித் தாவி நிக்குது. ஒயரைக் கழட்டி உறையைப் பிளேடால கீறிப் பார்த்தேன். ஸ்பிரிங் பக்கம் லக் பிடிச்ச இடத்துல இருந்து ஒரு கால் அங்குலம் தள்ளி, செம்பு பச்சை பூத்து, மொத்தமா மூணே இழை உயிரோட இருக்கு. மத்ததெல்லாம் நுனி கூராகி, சுட்டுக் கறுத்துக் கிடக்கு. எர்த் ஒயர் நல்லா இருக்கு.

என்ன ஒயர் போடறது? வீட்டு ஒயரிங்ல மிஞ்சினது இருக்கு.

பாயின்ட்செட்

வீட்டு ஒயர் கூடவே கூடாது. இழை தடிமன், ஆறு மாசத்துல அறுந்திடும். மீட்டர் புரோப்ல வர்ற மாதிரி முடி மெல்லிசு இழை நூத்துக்கணக்குல இருக்கிற சிலிக்கான் உறை ஒயர் வேணும். நீளம் பழைய ஒயர் அளவே. நீளம் கூடினா கேம்ல உரசும், குறைஞ்சா பிளேட்டைத் திரும்ப விடாது. ஈயம் வச்சா லக் தலையில மட்டும் வைங்க. ஈயம் ஒயருக்குள்ள ஏறினா அந்த இடம் கம்பி மாதிரி விறைச்சு, மறுபடி அங்கயே அறும்.

பூட்டினதும் ரெண்டு கோடியிலயும் பிளேட்டைத் திருப்பி, ஒயர் எங்கயும் தொடலேன்னு கண்ணால பார்த்துட்டு மூடியைப் போடுங்க. அப்புறம் டைமிங் லைட் வச்சு, வேக்குவம் பைப்பைக் கழட்டி அடைச்சுட்டு, இஞ்சினை மெதுவா ஏத்துங்க. குறி சீரா நகரணும், திரும்ப விட்டா பழைய இடத்துக்கே வரணும். தாவித் தாவி நகர்ந்தா உள்ள வெயிட் துருப்பிடிச்சிருக்கு, ரெண்டு சொட்டு ஆயில் விடுங்க.

பாலக்கோடு1489

ஒயர் மாத்தியாச்சு. ஏத்தத்துல வெட்டு போயே போச்சு. டைமிங் குறி சீரா நகருது.

ஐடிலிங் பாதி சரி. முன்ன மாதிரி கன்னாபின்னான்னு ஆடல, ஆனா சைலன்சர்ல ஒரே தாளத்துல ஒரு 'புஃப்' விட்டு விட்டு வருது. ஓசூர் அண்ணன் சொன்னதுதான் போல.

ஓசூர்_லேத்

தினசரி காலண்டர் தாள் ஒண்ணைக் கிழிச்சு, ஐடிலிங்ல சைலன்சர் வாய்க்கு ரெண்டு அங்குலம் தள்ளிப் பிடிங்க. எல்லாம் நல்லா இருந்தா தாள் வெளிப்பக்கமே ஒரே சீரா படபடக்கும். நடுநடுவுல தாள் வாய்ப்பக்கம் இழுபட்டா ஒரு எக்ஸாஸ்ட் வால்வு முழுசா மூடல.

அப்புறம் கம்ப்ரெஷன். இஞ்சின் சூடா இருக்கணும். நாலு பிளக்கையும் கழட்டணும், காயில் ஒயரை எடுத்துடணும், ஆக்ஸிலரேட்டரை முழுசா அழுத்திப் பிடிச்சு, எஸ்.யூ. கார்பரேட்டருக்குள்ள மேல கீழ போற பிஸ்டனையும் விரலால தூக்கி வச்சு, ஒவ்வொரு சிலிண்டருக்கும் அஞ்சாறு அடி ஸ்டார்ட்டர் சுத்த விடணும். எண் எவ்வளவுங்கறதைவிட நாலுக்கும் உள்ள வித்தியாசம்தான் முக்கியம். குறைஞ்ச சிலிண்டர்ல ஒரு டீஸ்பூன் இஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளங்க. ஏறினா ரிங், ஏறலேன்னா வால்வு. பக்கத்துப் பக்கத்து ரெண்டும் சேர்ந்து குறைஞ்சா ஹெட் கேஸ்கட்.

பாலக்கோடு1489

தாள் இழுபடுது. கம்ப்ரெஷன் 122, 120, 95, 121. மூணாவதுல ஆயில் விட்டு 97.

ஓசூர்_லேத்

நான் எண்ணைப் பார்க்கறதுக்கு முன்னாடியே ரெண்டோ மூணோன்னு நினைச்சேன். இந்த ஹெட்ல ரெண்டாவது, மூணாவது சிலிண்டரோட எக்ஸாஸ்ட் வால்வு ரெண்டும் அடுத்தடுத்து இருக்கு, ரெண்டுக்கும் நடுவுல ஒரே போர்ட். சூடு போக இடம் இல்லாம முதல்ல அடிபடறது அந்த ரெண்டும்தான்.

காரணம் பெரும்பாலும் இதுதான்: இந்த ஹெட் ஈயம் கலந்த பெட்ரோலுக்குச் செஞ்சது. சீட்டுனு தனியா வளையம் கிடையாது, வார்ப்பிரும்புலயே சீட் வெட்டியிருக்கும். ஈயம் அந்த சீட் மேல ஒரு படலமா நின்னு காப்பாத்துச்சு. 2000ல நாடு முழுக்க ஈயம் நின்னதுல இருந்து, சூட்டுல வால்வு சீட்டோட ஒட்டி ஒட்டிப் பிய்ஞ்சு, சீட் கொஞ்சம் கொஞ்சமா தேயுது. வால்வு மேல ஏறுது. அதனால டேப்பட் இடைவெளி கூடாது, குறையும். கவனிங்க, சத்தம் வராது. சத்தம் இல்லாம இருக்கேன்னு நாம சந்தோஷப்பட்டுக்கிட்டே இருப்போம், உள்ள வால்வு மூடாம எரிஞ்சுக்கிட்டு இருக்கும். டேப்பட் 'டிக் டிக்'னு லேசா கேக்கற பி.எம்.சி. (இந்த இஞ்சினை வடிவமைச்ச பிரிட்டிஷ் கம்பெனி) இஞ்சின்தான் ஆரோக்கியமானது.

இடைவெளி 0.015 அங்குலம், இஞ்சின் சூட்டுல, எட்டுக்கும் ஒரே அளவு. முன்பக்கம், அதாவது ரேடியேட்டர் பக்கம் இருந்து 1, 2னு எண்ணுங்க. வரிசை: எக்ஸாஸ்ட், இன்லெட், இன்லெட், எக்ஸாஸ்ட், எக்ஸாஸ்ட், இன்லெட், இன்லெட், எக்ஸாஸ்ட். ஒன்பது கணக்கு: எந்த வால்வு முழுசா அமுங்கியிருக்கோ அந்த எண்ணை 9ல கழிச்சா வர்ற வால்வைச் சரி பண்ணணும். 8 அமுங்கியிருந்தா 1, 6 அமுங்கியிருந்தா 3, 4 அமுங்கியிருந்தா 5. பிளக்கைக் கழட்டிட்டு டாப் கியர்ல வண்டியை மெதுவா தள்ளினா இஞ்சின் தேவையான இடத்துல நிக்கும்.

சரி பண்றதுக்கு முன்னாடி எட்டோட பழைய அளவையும் எழுதி வைங்க. அதுதான் ஹெட்டோட ஜாதகம்.

பாலக்கோடு1489

முதல்ல இருந்து வரிசையா, அங்குலத்துல ஆயிரத்துல ஒரு பங்கு கணக்குல: 14, 15, 15, 11, 5, 16, 15, 13. அஞ்சாவதுல 6 நம்பர் தகடு நுழையவே இல்லை. எட்டையும் 15க்கு வச்சேன். மூணாவது சிலிண்டர் இப்போ 113. காலண்டர் தாள் இழுபடறது நின்னுச்சு, 'புஃப்' கிட்டத்தட்ட இல்லை.

மாங்கொட்டை

சரி, தோத்துட்டேன். ஒரு சந்தேகம். எத்தனால் பெட்ரோலுக்கு ஜெட்டை இறக்கணும்ங்கறாங்களே, நிஜமா?

கார்ப்_கிருஷ்ணகிரி

நிஜம். சுத்த பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காத்து வேணும். 20 சதவீதம் எத்தனால் கலந்தா அது சுமார் 13.5. அதாவது அதே காத்துக்கு பெட்ரோல் எட்டு சதவீதம் போல கூடத் தரணும். பழைய செட்டிங்ல அப்படியே ஓட்டினா கலவை மெலிஞ்சு, எக்ஸாஸ்ட் வால்வு இன்னும் சூடாகும். பாலக்கோட்டாரோட அஞ்சாவது வால்வுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாம்.

ஆனா வரிசை முக்கியம். டேப்பட், பாயின்ட், டைமிங் மூணும் முடிஞ்ச பிறகுதான் ஜெட். அதுக்கு முன்னாடி மேல டாம்பர் மூடியைக் கழட்டி ஆயில் பாருங்க, எஸ்.ஏ.இ. 20 ஆயில் போதும். காலியா இருந்தா திடீர்னு மிதிக்கும்போது பிஸ்டன் சடார்னு தூக்கி, ஒரு நொடி மெலிஞ்சு திணறும். பிஸ்டனைத் தூக்கி விட்டா 'டக்'னு உலோகச் சத்தத்தோட அடியில விழணும். விழாம ஒட்டினா நீடிலும் ஜெட்டும் உரசுது, ஜெட்டை மையப்படுத்தணும்.

ஜெட் நட்டை முழுசா மேல ஏத்திட்டு, அதுல இருந்து 12 பட்டை, அதாவது ரெண்டு சுத்து கீழ இறக்கினா தொடக்க நிலை. சூட்டுல ஐடிலிங் விட்டு, பிஸ்டனை மெல்லிசா, ஒரு மில்லிமீட்டர்க்கும் குறைவா தூக்குங்க. சுற்று ஏறி அப்படியே நின்னா பெட்ரோல் அதிகம். உடனே விழுந்து சாகப் பார்த்தா குறைவு. லேசா ஏறிட்டு பழைய இடத்துக்கு வந்தா சரி. ஒரு தடவைக்கு ஒரு பட்டைக்கு மேல திருப்பாதீங்க. இந்த பெட்ரோலுக்கு பழைய இடத்துல இருந்து ஒண்ணோ ரெண்டோ பட்டை இறங்கி நிக்கும்.

ஓசூர்க்காரங்க கவனத்துக்கு: ஊர் சுமார் 900 மீட்டர் உயரம். வேக்குவம் கேஜ்ல கடலோரத்துல 19 காட்டற இஞ்சின் அங்க 16தான் காட்டும். அதைப் பார்த்து ரிங் போச்சுனு இஞ்சினைப் பிரிச்சுடாதீங்க.

பாலக்கோடு1489

ஜெட் ஒரு பட்டை இறக்கினதுல சோதனை சரியா வருது. தொப்பூர்ல நேத்து மூணாவது கியர்லயே, 40க்குக் குறையாம, மேல வரைக்கும் ஏறிடுச்சு. பழைய பம்ப் டயஃப்ரம், மூணு இழை ஒயர், ரெண்டையும் ஒர்க்‌ஷாப் மேஜையில வச்சுட்டு வந்தேன்.

ஓசூர்_லேத்

நல்லது. 1500 கிலோமீட்டர் ஓட்டிட்டு அஞ்சாவது வால்வை அளந்து போடுங்க.

பாலக்கோடு1489

1500 ஆச்சு. ஏழும் அப்படியே 15, 15தான். அஞ்சாவது மட்டும் 11.

ஓசூர்_லேத்

அப்போ சீட் தொடர்ந்து தேயுது. இப்படியே டேப்பட் விட்டு விட்டு ஓட்டலாம், ஆனா 500 கிலோமீட்டருக்கு ஒரு தடவை அளந்தே ஆகணும். ஹெட்டை இறக்கிட்டா நல்லது. எக்ஸாஸ்ட் நாலுக்கும் கெட்டிப்பட்ட சீட் வளையம் போட்டுடலாம், ஒண்ணுக்கு மட்டும் போடறதுல அர்த்தம் இல்லை. வளையத்துக்கும் குழிக்கும் 0.003 முதல் 0.004 அங்குலம் இறுக்கம் விட்டுக் கடையச் சொல்லுங்க. வளையத்தைக் குளிர வச்சு, ஹெட்டைச் சூடாக்கி இறக்கணும். சுத்தியல்ல அடிச்சு ஏத்தறவர்கிட்ட குடுக்காதீங்க. கூடவே கைடு (வால்வு தண்டு ஓடற குழல்) ஆட்டமும் பார்த்துடணும், கைடு லூஸா இருந்தா புது சீட்டும் வட்டமா நிக்காது.

ராக்கர் ஷாஃப்டைப் பிடிக்கிற சில நட்டு ஹெட் போல்ட்லயே உக்காந்திருக்கும். அதனால ராக்கரை மட்டும் கழட்டலாம்னு அந்த நட்டை மட்டும் தளர்த்தாதீங்க. ஹெட் நட் எல்லாத்தையும் கொஞ்சம் கொஞ்சமா, சுத்திச் சுத்தித் தளர்த்தணும், இல்லேன்னா ஹெட் வளையும். தண்ணி முழுசா வடிச்சிருக்கணும். திரும்பப் பூட்டும்போது நடுவுல இருந்து வெளிய, மூணு சுற்றா, கடைசியில 40 பவுண்டு-அடி. ராக்கர் நட் சின்னது 25 போதும்.

புஷ்ராடு எட்டையும் ஒரு அட்டைப் பெட்டியில ஓட்டை போட்டு, எண் எழுதி, அதே வரிசையில சொருகி வைங்க. வெளிய எடுக்கும்போது மெதுவா முறுக்கி எடுங்க. சட்டுனு இழுத்தா கீழ டேப்பட்டும் ஆயில்ல ஒட்டிக்கிட்டு எழும்பி, இடம் மாறி விழுந்திடும்.